அண்ணாவியாரை அழைத்த தமிழ்த்துறை

லண்டனில் இப்போது மாலை நேரம். ரொறன்ரோவில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். சிட்னியிலும் மெல்பேணிலும் நித்திரையைக் குழப்பிக்கொண்டு நேரலையில் இணைந்திருக்கிறவர்களுக்குத் தனியான நன்றி.

பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் இயங்கிய ஒரு துறையின் வாழ்வையும் சாதனையையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் தொழிலால் தாதி. என் கையில் இருப்பது தாதியியல் டிப்ளோமா. தமிழை வகுப்பறையில் பட்டத்துக்காகப் படித்தவள் அல்ல. ஆனாலும் இந்தத் தலைப்பைக் கேட்டதும் ஒரு துறையின் பெயர் உடனே நினைவுக்கு வந்தது. அதன் கதை தொடங்குவது நான் வேலை செய்கிற இந்த லண்டனில். அது போய்ச் சேர்ந்தது மட்டக்களப்பிலும் என் சொந்த மன்னாரிலும். பேராதனையில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையைத்தான் சொல்கிறேன்.

முதலில் லண்டனோடு உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதற்குத் தன் பெயரில் பட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது. மாணவர்கள் கொழும்பில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதி, லண்டன் பட்டத்தைப் பெற்றார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை எதைப் படித்தால் படித்தவன் என்று ஒப்புக்கொள்ளலாம் என்பதை இன்னொரு நாட்டுத் தலைநகரம் தீர்மானித்த காலம் அது. 1942 ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதுதான் அந்த நிலை மாறியது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர்.

அங்கே தமிழுக்கு முதல் பேராசிரியராக 1943 இல் வந்தவர் சுவாமி விபுலாநந்தர். கிழக்கிலங்கையில் காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், இராமகிருஷ்ண மிஷன் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழந்தமிழ் இசையைக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்த அவருடைய யாழ்நூல் 1947 யூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் பேராசிரியரானவர் க. கணபதிப்பிள்ளை. பருத்தித்துறைக்கு அருகே புலோலியைச் சேர்ந்தவர். 1947 முதல் 1965 வரை அந்தக் கதிரையில் இருந்தார். 1930களின் நடுப்பகுதியில் லண்டனில் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது கி.பி. 7 ஆம், 8 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை. கல்வெட்டு மொழி என்றால் காய்ந்த விடயம் என்று நினைப்போம். ஆனால் செய்யுள் இலக்கணம் ஒதுக்கிவைத்த பேச்சு வழக்குகள் கல்வெட்டில் புகுந்து கிடக்கும். ஒரு காலத்து மனிதர் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்று தேடுகிறவருக்குக் கல்வெட்டு நல்ல சாட்சி.

அப்படித் தேடிய மனிதர் ஊருக்குத் திரும்பிவந்து யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார். 1940 இல் ‘நானாடகம்’, 1952 இல் ‘இருநாடகம்’. ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ என்ற தலைப்புகளைக் கேட்டாலே வீட்டுத் திண்ணையில் இருந்து கதைப்பது போலத்தானே இருக்கிறது! செந்தமிழில் பேசினால்தான் நாடகம் என்று எண்ணியிருந்தவர்கள் மத்தியில், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரின் பாத்திரங்கள் ஊர்ப் பேச்சிலேயே சண்டை பிடித்தன, வழக்குப் பேசின.

இதன் பெறுமதி எனக்கு என் வேலையால் விளங்குகிறது. நோயாளி சொல்வதை அவருடைய சொல்லிலேயே குறித்துக்கொள் என்பது தாதியர் பயிற்சியில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருகிற பாடம். ‘நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி’ என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதவேண்டும். ‘நெஞ்சு வலி’ என்று நாங்கள் திருத்தி எழுதினால், வைத்தியருக்குத் தேவையான தகவல் அந்தத் திருத்தத்திலேயே தொலைந்துபோகலாம். கணபதிப்பிள்ளை ஒரு சமூகத்தின் பேச்சைத் திருத்தாமல் எழுதிவைத்தார்.

1952 இல் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. மகாவலி ஆறு, மலை, பனி. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே விடுதியில் தங்கிய காலம். தனிநாயகம் அடிகளார் அதே ஆண்டில் அங்கே கல்வித்துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பின்னாளில் எங்கள் விமர்சன உலகையே மாற்றிய க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அந்தப் பத்தாண்டில் அங்கே மாணவர்கள். சிவத்தம்பி கணபதிப்பிள்ளையின் நாடகங்களில் நடித்தவர். இருவரும் பிறகு பர்மிங்காம் சென்று, கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார்கள். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட கைலாசபதியின் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை ஆராய்ந்தார்.

ஒரு துறையின் சாதனை என்று இப்படிப் பட்டங்களையும் நூல்களையும் அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த விடயத்தில் பேராதனை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. அதற்குப் பக்கத்துத் துறையில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பில் மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கும் அளவுக்கு அது பெரிய நிகழ்வு. அந்த நாடகத்தின் வடிவம் ‘நாடகம’. அது தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாகச் சிங்களத்துக்குள் போன வடிவம். சரச்சந்திர இதை மறைக்கவில்லை. சிங்கள நாட்டுப்புற நாடகம் பற்றிய தம் ஆய்விலேயே எழுதியிருந்தார். இரண்டு இனங்களும் மொழியால் பிரிக்கப்பட்ட அதே ஆண்டில், ஒரு சிங்களப் பேராசிரியர் தம் மக்களின் நாடகத்தைத் தேடிப் போய்த் தமிழ்க் கூத்தின் பிள்ளையைக் கண்டெடுத்திருக்கிறார்.

இதை நெருக்கத்தில் இருந்து பார்த்தவர் தமிழ்த்துறை விரிவுரையாளர் சு. வித்தியானந்தன். தெல்லிப்பழைக்காரர். 1950 இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆய்வுப் பொருள் பத்துப்பாட்டு. 1954 இல் வந்த ‘தமிழர் சால்பு’ அவருடைய நூல். சங்க இலக்கியத்தில் ஊறிய அவர் தம்மைத்தாமே கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பேரப்பிள்ளையை இவ்வளவு மரியாதையோடு மேடையேற்றுகிறார்கள், எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற பாட்டனை நாங்கள் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?

அந்தப் பாட்டனின் நிலை அன்று என்னவென்றால், படித்த யாழ்ப்பாணத்தவர் கூத்தைப் படியாதவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அதை ஆடியவர்களின் சாதியும் அந்த ஒதுக்கலுக்கு ஒரு காரணம். ஆனால் மட்டக்களப்புக் கிராமங்களில் வடமோடியும் தென்மோடியும் விடியவிடிய ஆடப்பட்டு வந்தன. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் நீளும் ஊர்க் காரியம் அது. நடுவில் வட்டக்களரி, மத்தளம், சல்லரி. எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கிற ஆசான்தான் அண்ணாவியார்.

வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து கிராமம் கிராமமாகப் போனார். அண்ணாவிமாரைச் சந்தித்தார், கூத்துகளைப் பார்த்தார், போட்டிகள் வைத்தார். பிறகு அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கே அழைத்தார். வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து, பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுத்தார். லண்டனில் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் கற்பித்த வளாகத்தில், வாழ்நாளில் எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதித்திராத ஒருவர் ஆசானாக நின்றார். ஒரு துறை தனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டு, அது தெரிந்தவரைத் தேடிக் கூட்டிக்கொண்டுவந்தது. நான் இந்தத் துறையின் முதற்பெரும் சாதனை என்று நினைப்பது இதைத்தான்.

1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, 1964 இல் ‘இராவணேசன்’, 1968 இல் ‘வாலிவதை’. கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழி மாணவர் சி. மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்துவிட்டுப் பேராதனைக்குப் போனவர். ஊரில் கூத்தாடுகிறவனை ஏளனமாகப் பார்த்தவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் சதங்கை கட்டியதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, மட்டக்களப்பு என்று அந்த நாடகங்கள் போயின.

இனி என் மன்னாருக்கு வருகிறேன். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் கத்தோலிக்கர் ஆடிய கூத்துகள் நிறைய. புனிதர்களின் கதைகளைக் கோயில் திருவிழாவில் ஆடுவார்கள். வடபாங்கு, தென்பாங்கு என்று அங்கே வேறு மரபு, வாசாப்பு என்று இன்னொரு வடிவம். இந்தப் பிரதிகள் ஊர்ப் புலவர்களின் வீடுகளிலும் அண்ணாவிமாரின் பெட்டகங்களிலும் ஏடாகவும் கொப்பியாகவும் கிடந்தன. தமிழ் இலக்கியம் என்று எவரும் அவற்றைச் சேர்த்துக்கொண்டதில்லை. சைவப் புலவர்களுக்கு அவை வேதக்காரர் கதை. படித்த கத்தோலிக்கருக்கு அவை படியாதவர் ஆட்டம்.

பத்துப்பாட்டில் ஆய்வு செய்த பேராசிரியர் இவற்றைத் தேடி வந்தார். ‘என்றீக் எம்பரதோர்’ 1964 இல் அவருடைய பதிப்பாக அச்சேறியது. ‘எம்பரதோர்’ என்ற சொல்லைப் பாருங்கள். பேரரசனைக் குறிக்கும் அந்தச் சொல்லில் போர்த்துக்கேயர் காலத்துக் கடற்கரை வாடை இன்னும் இருக்கிறது. 1966 இல் ‘மூவிராசாக்கள் நாடகம்’. குழந்தை யேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் கதை. 1967 இல் ‘ஞானசவுந்தரி’. கைகள் வெட்டப்பட்ட அரசகுமாரி மாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் கதை. இவற்றோடு மட்டக்களப்பு நாட்டுப்பாடல்களும் மன்னார் நாட்டுப்பாடல்களும் அச்சுக்கு வந்தன.

இதன் பெறுமதி அப்போது விளங்கியிருக்காது. எங்கள் தலைமுறைக்குத்தான் விளங்கும். போரில் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள், கூத்துக் கொப்பிகளைக் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்தபோது வீடே இல்லை, பெட்டகம் எங்கே இருக்கும்? இருபது வருடத்துக்கு முன்பே அச்சில் ஏறிய பிரதிகள் வேறு ஊர்களில், வேறு நூலகங்களில் தப்பியிருந்தன.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார். நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்த வட்டக்களரியை விட்டு, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். நகரத்துப் பார்வையாளருக்கு அது பிடித்தது. ஆனால் ஊர் முழுவதும் மாதக்கணக்காகச் சேர்ந்து செய்த காரியம், சிலர் ஆடப் பலர் ரிக்கற் எடுத்துப் பார்க்கும் காரியமாக மாறியது. பேராசிரியரின் பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது. அண்ணாவியாரின் பெயரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டியவர்களும் அதே மரபில் வந்தவர்கள்தான். மௌனகுரு 1960களின் முடிவில் ‘சங்காரம்’ செய்தார். அரச கதைகளை ஆடிய கூத்து அங்கே சாதியையும் வர்க்கத்தையும் அரக்கர்களாக்கி அவற்றோடு போரிட்டது. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர், கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவருவதைவிட ஊருக்குள்ளேயே ஊர் மக்களோடு இருந்து மீளுருவாக்குவதே சரி என்று வாதாடி, மட்டக்களப்புச் சீலாமுனையில் அதைச் செய்தும் காட்டினார். ஆசிரியர் செய்ததை மாணவர் கேள்வி கேட்க, அந்த மாணவரை அடுத்த தலைமுறை கேள்வி கேட்கிறது. ஒரு துறை உயிரோடு இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்.

இந்த மனிதர்கள் பிறகு எங்கே போனார்கள்? 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர் வித்தியானந்தன். அதன் கடைசி நாளான சனவரி 10 இல் போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. முதல் தலைவர் கைலாசபதி. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தராக வந்தவர் வித்தியானந்தன். 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபடி பார்த்தார். 1988 வரை அந்தக் கதிரையில் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு மறைந்தார்.

கிழக்கின் கதைதான் என்னை நெகிழவைக்கிறது. 1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இடம் எது தெரியுமா? வந்தாறுமூலை. செல்லையா அண்ணாவியாரின் ஊர், மௌனகுரு படித்த அதே வித்தியாலய வளவு. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மௌனகுரு அங்கே பேராசிரியரானார், நுண்கலைத்துறையைக் கட்டியெழுப்பினார், இராவணேசனைப் புதிய மாணவர்களைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். அண்ணாவியாரைப் பல்கலைக்கழகம் அழைத்த இருபது ஆண்டுக்குள், பல்கலைக்கழகமே அண்ணாவியாரின் ஊருக்கு வந்துவிட்டது. 1990 செப்டம்பர் 5 ஆம் திகதி, அந்த வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அந்த நிலத்தில்தான் பிள்ளைகள் மறுபடியும் சதங்கை கட்டினார்கள். கலைப்பீடம் என்பது சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இப்போது எங்களிடம் வருகிறேன். புலம்பெயர்ந்த நாங்கள் தமிழ் இருக்கைகளுக்குக் காசு சேர்த்திருக்கிறோம். ஹார்வர்ட்டுக்கு 60 லட்சம் அமெரிக்க டொலர், ரொறன்ரோவுக்கு 30 லட்சம் கனேடிய டொலர். பெருமையான விடயம். லண்டனில் ரசல் சதுக்கத்தில் இருக்கிற சோவாஸில் ஜோன் மார் பல ஆண்டுகள் தமிழ் படிப்பித்தார். எட்டுத்தொகையில் ஆய்வு செய்தவர் அவர். டேவிட் ஷுல்மன் அவரிடம் படித்தவர். இன்று அங்கே தமிழுக்கென்று ஒரு தனித் துறை இல்லை. நிலையான இடம் வேண்டும் என்று இங்குள்ள தமிழர்கள் கேட்டு வருகிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கதிரை வாங்கினால் மட்டும் துறை வந்துவிடாது. கதிரைக்கு முன்னால் மாணவர்கள் இருக்கவேண்டும். எங்கள் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை வரலாறு படிக்கப்போகிறேன் என்றால், ‘ஏன், சயன்ஸ் சரிவரவில்லையா?’ என்று கேட்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், மருத்துவத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஓர் இனம் முழுவதும் வைத்தியரும் கணக்காளருமாக ஆகிவிட்டால், அதன் கொப்பிகளை யார் தேடிப் போவார்கள்?

இன்னொன்று, அண்ணாவிமார் இங்கேயே இருக்கிறார்கள். லண்டனில், பாரிசில், ரொறன்ரோவில், தபசு காலத்தில் திருப்பாடுகளின் காட்சியைப் பழக்குகிற பெரியவர்கள், ஊரில் மத்தளம் அடித்தவர்கள், ஒப்பாரி தெரிந்த அம்மாமார். எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் கைத்தொலைபேசியை நீட்டி, ‘ஐயா, முதலில் இருந்து பாடுங்கோ’ என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டாம். பதிவு செய்ததை, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, ஒரு நூலகத்தில் சேர்க்கவேண்டும். பாடியவரின் பெயரை முதலில் எழுதவேண்டும்.

அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகத் துறைக்காக நிதி கேட்டு யாராவது வந்தால், நான் கொடுக்கக்கூடியதைக் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பேன்: உங்கள் துறையில் அண்ணாவியாருக்கு எந்த அறையைக் கொடுப்பீர்கள்?

பேராதனையில் படித்தவர்கள், அந்த நாடகங்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இணைப்பில் இருந்தால், தயவுசெய்து ஒலிவாங்கியைத் திறந்து நீங்கள் பேசுங்கள். உங்களிடமிருந்து கேட்க ஆசையாயிருக்கிறது.